நான்காவது ஆட்டம்

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. டெல்லிச் சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் மூன்று நாள்களே இருந்தன. பிரசார வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே, விடுதியில் என் அடுத்த அறையில் வசிக்கும் தங்கை ஒருத்தி என்னை ஆப்பிரிக்கா அவென்யூவில் உள்ள ஆர். கே. கன்னா டென்னிஸ் அரங்குக்கு அழைத்துச் சென்றாள். டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் டோகோவும் மோதிய போட்டியின் இரண்டாம் நாள் அது. "அக்கா, அறையிலேயே இருந்தால் நீங்கள் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவீர்கள். கிளம்புங்கள்" என்று சொல்லித்தான் அழைத்துப் போனாள்.

அந்தக் கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டப் பதிவிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதி, மின்னஞ்சலில் அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். என் ஐந்தாண்டு உதவித்தொகை மார்ச்சில் முடிவதாக இருந்தது. பெங்களூரில் ஒரு நிறுவனம் மொழித்தரவு வேலைக்கு அழைத்திருந்தது. வீட்டில் தம்பியின் படிப்புச் செலவு காத்திருந்தது. இவற்றையெல்லாம்விட என்னைக் கடிதம் எழுத வைத்தது, டிசம்பரில் நடந்த ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி: "அழியப்போகும் மொழிக்கு இவ்வளவு உழைத்து யாருக்கு என்ன பயன்?"

நான் ஆய்ந்துவருவது கோலாமி. மராட்டியத்தின் யவத்மாள் பகுதியிலும் தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் வழங்கும் நடுத் திராவிட மொழி. எமனோ 1955இல் அதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். 2011 கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரு லட்சத்துக்கும் சற்று மேல். எண்ணிக்கை ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் நான் தங்கிய ஊரில் குழந்தைகள் மராத்தியில்தான் விளையாடினார்கள், சண்டையிட்டார்கள், அழுதார்கள். எனக்குக் கதைகள் சொன்ன ஆஜி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ எழுதிக்கொள், போரி. என் பேரன் கேட்கப்போவதில்லை." கூட்டத்தில் எழுந்த கேள்வியை அவர் முன்பே கேட்டுவிட்டார் என்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது.

இந்த மனநிலையோடுதான் அரங்கில் போய் அமர்ந்தேன். முதல் நாள் நடந்த இரண்டு ஒற்றையர் ஆட்டங்களிலும் சசிகுமார் முகுந்தும் ராம்குமார் ராமநாதனும் எளிதாக வென்றிருந்தார்கள். ஞாயிறன்று கோவையைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜியும் ரித்விக் பொள்ளிப்பள்ளியும் இரட்டையர் ஆட்டத்தை வென்றார்கள். மூன்றுக்குச் சுழியம். போட்டி முடிந்தது. கைகுலுக்கினார்கள், படமெடுத்துக்கொண்டார்கள், பார்வையாளர்களில் பலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். நானும் எழுந்தேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறது அக்கா."

மொழியியல் படித்தவர்களுக்கு டேவிஸ் கோப்பையின் சொற்களே தனிச் சுவை. இரு நாடுகள் மோதும் முழுப் போட்டிக்கு ஆங்கிலத்தில் 'டை' என்று பெயர். மற்ற விளையாட்டுகளில் அதே சொல் சமநிலையைக் குறிக்கும். ஆனால் இங்கே சமநிலைக்கு இடமே இல்லை, மொத்தம் ஐந்து ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு 'ரப்பர்'. சீட்டாட்டத்திலும் வழங்கும் சொல் அது. ஒரு நாடு மூன்று ஆட்டங்களை வென்ற பிறகு ஆடப்படுவது 'டெட் ரப்பர்'. செத்த ஆட்டம் என்று சொல்லலாம். யார் வென்றாலும் முடிவு மாறாது.

என் மடியில் இருந்த குறிப்பேட்டில் கோலாமி எண்ணுப்பெயர்களின் பட்டியல் இருந்தது. ஒன்று முதல் நான்கு வரை அம்மொழியின் சொந்தச் சொற்கள். ஐந்து முதல் பத்து வரை தெலுங்கிலிருந்து பெற்றவை. நான்காவது ஆட்டத்துக்கு வீரர்கள் வந்தபோது அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வரை எண்ணத் தெரிந்தவர்கள் அதற்குமேல் கடன் வாங்கி எண்ணினார்கள். எண்ணுவதை நிறுத்திவிடவில்லை.

இந்தியாவுக்காக ஆடியவர் கரண் சிங். டேவிஸ் கோப்பையில் அதுவே அவருக்கு முதல் ஆட்டம். எதிரே நின்ற டோகோ வீரருக்கு வெல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. வென்றாலும் அவர் நாட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆயினும் மூலைக்குப் போன பந்தை விடாமல் துரத்தினார். ஒரு புள்ளி கிடைத்தபோது அவர்களுடைய இருக்கையில் இருந்த நால்வரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். காலியாகிக்கொண்டிருந்த அரங்கில் அந்தக் கைதட்டல் பெரிதாகக் கேட்டது. கரண் சிங் நேர் செட்களில் வென்றார். நான்குக்குச் சுழியம்.

டோகோ எனக்கு அதற்கு முன்பே அறிமுகமான நாடு, ஆனால் டென்னிஸ் வழியாக அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவுக்கும் பெனினுக்கும் நடுவே ஒரு பட்டைபோல் நீண்டு கிடக்கும் அந்நாட்டில் எவே மொழி பேசப்படுகிறது. முதுகலை வகுப்பில் அம்மொழியின் ஒரு சிறு பெயரைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் பேசினோம். 'அவன் வருவதாகச் சொன்னான்' என்றால் வருபவன் சொன்னவனா, வேறொருவனா? எவே மொழியில் அதைப் பிரித்துக்காட்டத் தனிப் பெயர்ச்சொல் உண்டு. தமிழில் 'தான் வருவதாகச் சொன்னான்' என்னும்போது 'தான்' ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. எங்கோ இருக்கும் ஒரு மொழி என் மொழியை எனக்கு விளக்கியது. 'என்ன பயன்' என்று அந்த மொழியை எழுதிவைத்தவர்களையும் யாரேனும் கேட்டிருப்பார்கள் அல்லவா?

அன்றிரவு கடிதத்தைத் திறக்கவில்லை. மாறாக, டேவிஸ் கோப்பையின் அடித்தளத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1900இல் பாஸ்டனில் அமெரிக்காவும் பிரித்தானியத் தீவுகளும் மட்டும் ஆடித் தொடங்கிய போட்டி இது. இன்று ஏறத்தாழ 150 நாடுகள் பங்கேற்கின்றன. இறுதிக்கட்டத்தில் நாம் தொலைக்காட்சியில் காண்பவை எட்டு நாடுகள். மற்றவை எங்கே இருக்கின்றன? உலகப் பிரிவுகளில் சில. அவற்றுக்கும் கீழே, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா-ஓசியானியா, ஐரோப்பா என்னும் மண்டலங்களில் மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. அங்கே உள்ளூர், வெளியூர் என்று மாறிமாறிப் பயணம் செய்யப் பணம் இருப்பதில்லை. பல நாடுகளும் ஒரே நகரில் கூடி, ஒரு வாரம் சுற்றுமுறையில் ஆடிவிட்டுத் திரும்புகின்றன. இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர், அவ்வளவுதான். தனித்தனியே அணி சேர்க்க இயலாத பசிபிக் தீவுகள் சில 'பசிபிக் ஓசியானியா' என்ற ஒரே பெயரில் ஒன்றாகவே ஆடிவந்திருக்கின்றன. டோகோவும் ஆப்பிரிக்க மண்டலத்தின் கீழ்ப்படிகளில் நெடுங்காலம் ஆடி மேலே வந்த அணிதான்.

இந்த நாடுகளில் பெரும்பாலானவை ஒருநாளும் கோப்பையைத் தொடப்போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் ஆண்டுதோறும் வருகிறார்கள்? மேலே ஏறும் ஏணியாக மட்டுமே இந்தத் தகுதிச் சுற்றுகளைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடையில்லை. நம் ஊரில் 'தகுதி' என்ற சொல்லை நாம் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். தகுதித் தேர்வு என்றால் அதைக் கடந்து வேறெங்கோ போக வேண்டும், கடந்தபின் அதை மறந்துவிட வேண்டும். நெட் தேர்வு எழுதிய எல்லோருக்கும் இது தெரியும்.

இந்தியாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். மூன்று முறை இறுதிக்கு வந்த நாடு இது: 1966, 1974, 1987. இவற்றுள் 1974இல் இறுதியாட்டமே நடக்கவில்லை. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகிக்கொண்டது, கோப்பை அவர்களுக்குப் போனது. அந்த ஆண்டைப் பற்றிப் பேசுவோர் இன்றும் நினைவுகூர்வது, அதே ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் நடந்த கீழை மண்டல இறுதிப் போட்டியை. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்தப் போட்டியில் மொத்தம் 327 கேம்கள் ஆடப்பட்டன. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இரட்டையர் ஆட்டம் மட்டும் 99 கேம்கள். மூன்றுக்கு இரண்டு என்று இந்தியா வென்றது. ஆடாத இறுதியாட்டத்தைவிட, ஆடிய மண்டலப் போட்டிதான் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் உயிரோடு இருக்கிறது.

2011க்குப் பிறகு இந்தியா உலகப் பிரிவுக்குத் திரும்பவில்லை. 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆசியா-ஓசியானியா மண்டலத்தைக் கடந்து வந்து, கடைசித் தடையில் செர்பியாவிடமும் செக் குடியரசிடமும் ஸ்பெயினிடமும் கனடாவிடமும் மீண்டும் செர்பியாவிடமும் தோற்றது. இவற்றுள் ஸ்பெயினோடு ஆடியது நான் அமர்ந்திருந்த இதே அரங்கில், 2016இல். நடாலைக் காண அன்று வந்த கூட்டம் டோகோவுக்கு வரவில்லை.

ஆனால் அந்த ஐந்தாண்டுகளை நான் தோல்விகளாக நினைவில் வைத்திருக்கவில்லை. 2018 ஏப்ரலில் முதுகலை மாணவியாக, கைப்பேசித் திரையில் வெறும் எண்களாக மாறிக்கொண்டிருந்த தியான்ஜின் போட்டியைப் பின்தொடர்ந்தேன். சீனாவிடம் முதல் நாளிலேயே சுழியத்துக்கு இரண்டு என்று பின்தங்கிய நிலை. மறுநாள் பயஸும் போபண்ணாவும் இரட்டையரை வென்றார்கள். டேவிஸ் கோப்பை இரட்டையரில் பயஸுக்கு அது 43ஆவது வெற்றி, உலகச் சாதனை. அடுத்து ராம்குமார் வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில், முதல் நாள் களமிறங்காத பிரஜ்னேஷ் குணேஸ்வரன் வூ யிபிங்கை வீழ்த்தினார். அந்த மாலை விடுதிக் கூடத்தில் நான் போட்ட கூச்சலுக்குக் காப்பாளரிடம் திட்டு வாங்கினேன். அதே ஆண்டு செப்டம்பரில் செர்பியாவிடம் தோற்றதால் அந்த மாலை பொய்யாகிவிட்டதா என்ன?

2025 செப்டம்பரில் இந்தியா சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்குச் சென்று மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் தம் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்திலேயே தம்மைவிடத் தரவரிசையில் வெகு மேலே இருந்தவரை வென்றார். ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய அணியை இந்தியா வென்றது 1993க்குப் பிறகு அதுவே முதல்முறை. டோகோவை வெல்லாமல் பீலுக்குப் போயிருக்க முடியாது. இங்கே இந்தப் பதிவை முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் அப்படி முடித்தால், கீழே ஆடப்படும் ஆட்டத்துக்கு மேலே கிடைக்கும் வெற்றிதான் நியாயம் என்றாகிவிடும். டோகோவுக்குப் பீல் இல்லை. அந்த நான்காவது ஆட்டக்காரர் ஓடிய ஓட்டத்துக்கு அவர் ஓடியதே நியாயம்.

எளிய ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. பணமில்லாமல், பயிற்சிக்கு இடமில்லாமல், சொந்தச் செலவில் ஊர் ஊராகச் சுற்றும் வீரர்களிடம் 'பங்கேற்பதே பெருமை' என்று நாம் சொல்வது வஞ்சகம். உதவித்தொகை நின்றுபோன ஆய்வாளரிடம் அதைச் சொல்வதும் அப்படியே. பெங்களூர் வேலையை மறுத்ததால் என் வீடு எவ்வளவு நெருக்கடியைத் தாங்கியது என்பது எனக்குத் தெரியும். அம்மா இன்றும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அதுவே எனக்குக் கடினமாக இருக்கிறது. நான் சரியாக முடிவெடுத்தேனா என்பதைத் தம்பியின் படிப்பு முடிந்த பிறகுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

கடிதத்தை நீக்கிவிட்டேன். பகலில் ஒரு கல்லூரியில் மணிக்கணக்கு ஊதியத்துக்குப் பாடம் நடத்துகிறேன், இரவில் எழுதுகிறேன். மழைக்காலம் முடிந்து மீண்டும் யவத்மாள் சென்றபோது, டோகோ வீரரைப் பற்றி ஆஜியிடம் எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். தோற்றுவிட்ட பிறகும் ஏன் ஆடினான் என்று கேட்டார். விளக்க எனக்குச் சொற்கள் போதவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியை என் பக்கமிருந்து தம் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, முதல்முறை சொன்னபோது பாதியில் நிறுத்திய கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.

பேரன் வாசலில் பந்து எறிந்துகொண்டிருந்தான். அவன் கேட்டானா என்று தெரியாது. பதிவில் அவன் பந்து சுவரில் படும் ஓசை இருக்கிறது. அதை நான் நீக்கவில்லை.

ஐந்தாவது இயல் இன்னும் பாக்கி இருக்கிறது.