தட்டானுக்கு முகவரி தேடும் தாத்தா

தட்டானின் வாலில் நூல் கட்டி, குட்டிக் கல்லைத் தூக்கவைத்து விளையாடிய தலைமுறை ஒன்று உண்டு. மாயவரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் அந்தத் தாத்தாவும் அதில் ஒருவர். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது 67 வயதில், அதே தட்டான்களைச் செல்போனில் மட்டுமே பிடிக்கிறார்.

"பறக்கிறப்ப பின்னாடி ஓடாதம்மா. அது உக்காந்த குச்சியைப் பாத்து வெச்சுக்க. சுத்திட்டு அங்கேயேதான் வரும்!" - பேத்திக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. பல வகைத் தட்டான்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. நம் நிழல் அதன்மேல் விழாமல், குனிந்து மெதுவாக நெருங்க வேண்டும். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். மார்பில் உள்ள கோடுகள், இறக்கை தொடங்கும் இடத்தின் நிறம், வால் நுனி இதெல்லாம் தெரியாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் கதவு எண் இல்லாத கடிதம் மாதிரிதான்.

இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தட்டான். ஒல்லி உடம்போடு இறக்கையை முதுகின்மேல் மடித்துக்கொண்டால், பெரும்பாலும் ஊசித்தட்டான். அதுவரை சுலபம். ரத்தச் சிவப்பில் ஒன்றும், மஞ்சள் கலந்த பழுப்பில் ஒன்றும் அருகருகே இருந்தால் இரண்டும் வேறு வேறு இனம் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆணும் பெண்ணுமாகவே இருக்கலாம். போதாக்குறைக்கு, இளம் ஆணும் அதே மஞ்சளில்தான் இருக்கும்! மஞ்சளும் கரும்பழுப்புமாக இறக்கையில் கோலம் போட்டதுபோல் பறந்த ஒன்றை, பட்டாம்பூச்சி என்றே பேத்தி அடித்துச் சொன்னாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் விட்டுக்கொடுத்தாள். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்பது சர்க்கஸ் இல்லை. உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்கும் தந்திரம்.

செல்போன் இல்லாத காலத்தில், ஃப்ரேசர் என்ற ராணுவ மருத்துவர் இந்தியப் பகுதியின் தட்டான்களை வகைப்படுத்தி, 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் எழுதினார். அந்தப் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

தாத்தாவின் போனில் ஊர்க்குளத்துக்கென்றே தனி ஆல்பம் உண்டு. ஆரம்ப வருடப் படங்களில் சிவப்பு, நீலம், ஊதா என்று நிறம் நிறமாகத் தட்டான்கள். தெருச் சாக்கடை குளத்தில் கலக்கத் தொடங்கிய பிறகு எடுத்தவற்றில், ஆரஞ்சு இறக்கை கொண்ட ஒரே வகைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அழுக்குத் தண்ணீரையும் தாங்கும் இனம் அது. ஆங்கிலத்தில் அதற்குச் சாக்கடை நகை என்ற பொருளில் பெயரே இருக்கிறது. பார்க்க நகைதான், ஆனால் அது மட்டும் மிஞ்சினால் குளத்துக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தட்டான் இறக்கை முளைத்துப் பறப்பதற்கு முன், கொசுப்புழுக்களைத் தின்று வளர்வது தண்ணீருக்குள்தானே!

போன அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டத்துக்கு, படங்களைத் தேதிவாரியாக பிரின்ட் போட்டு எடுத்துப் போனார் தாத்தா. சாக்கடையை வேறு பக்கம் திருப்பச் சொல்லி மனுவும் கொடுத்தார். இன்னும் பதில் வரவில்லை. பதில் வராத கடிதங்கள் அவருக்குப் புதிதல்ல. அடுத்த கூட்டத்துக்கான படங்களைப் பேத்தி எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.