பச்சைப் பால்

சென்ற வாரம் எதிர்வீட்டு நண்பர் ஒரு கண்ணாடிப் புட்டியுடன் வந்தார். பண்ணையிலிருந்து நேரே வருகிற பசும்பாலாம். "சார், தயவு செய்து அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்படியே குழந்தைக்குக் கொடுங்கள். காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும்" என்றார். புட்டியை வாங்கிக்கொண்டேன். மனசு என்னவோ பெரியப்பாவிடம் போய்விட்டது.

கும்பகோணத்துக்கு அருகே எங்கள் கிராமம். விடியற்காலையில் பெரியப்பா லட்சுமியின் மடியைக் கழுவிவிட்டு, பித்தளைச் சொம்பை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு உட்காருவார். சொம்பின் விளிம்புக்கு மேல் நுரை எழும்பும். முதல் டம்ளர் அவருக்கு. அடுத்தது, லீவுக்கு வந்திருக்கும் எனக்கு. "குடிடா! நெருப்புப் பட்டா பால் செத்துப்போச்சு" என்பார். மாட்டின் உடம்புச் சூடு ஆறாத பால். அந்த ருசியைப் பிறகு எந்தப் பாலிலும் நான் கண்டதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1991-ல் லட்சுமி ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டது. பெரியப்பாவே அதைக் கையால் எடுத்துத் தோப்பில் புதைத்தார். லட்சுமி கறந்த கொஞ்சப் பாலையும் வழக்கம் போலவே குடித்தார். ஒரு மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. சாயங்காலம் ஏறும், இரவில் வேஷ்டி நனைய வேர்த்து இறங்கும். பத்து நாள் விட்டிருக்கும், மறுபடி வரும். மலேரியா என்றார்கள், டைபாய்டு என்றார்கள். பெரியம்மா மாரியம்மனுக்கு முடிந்து வைத்தாள். ஆஜானுபாகுவான மனிதர், நாலு மாதத்தில் இடுப்பு வலியோடு கம்பை ஊன்றி நடக்கலானார்.

கடைசியில் தஞ்சாவூரில் ஓர் இளம் டாக்டர், "ஐயா, வீட்டிலே மாடு இருக்குங்களா? கன்று ஏதாவது வீசிச்சா?" என்று கேட்டார்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காய்ச்சல் எனக்குங்க. மாட்டுக்கு இல்லே!"

ரத்தப் பரிசோதனை டாக்டர் பக்கம் பேசியது. வியாதியின் பெயர் புருசெல்லோசிஸ். பாலில் வந்ததா, கன்றை எடுத்த கையில் வந்ததா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஆறு வாரம் மாத்திரை கொடுத்தார். நானும் லட்சுமியின் பாலைக் குடித்தவன் என்று, அம்மா ஒரு வருஷம் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பின்னால், கண்டதையும் படிக்கிற வழக்கத்தில், இந்த வியாதியின் சரித்திரம் அகப்பட்டது. மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு தீவு. அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை இதே காய்ச்சல் வாட்டியது. 1887-ல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். அது உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்பது 18 வருஷம் புலப்படவில்லை. 1905-ல் ஸம்மித் என்ற மால்டா டாக்டர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். கிருமி அங்கே இருந்தது. பார்வைக்கு அந்த ஆடுகளிடம் நோயின் சுவடே இல்லை. 1906-ல் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்துவிட்டது.

நண்பர் பேச்சில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஐரோப்பாவில் பண்ணைப் பால் குடித்து வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. ஆனால் ஆராய்ந்தவர்களே, 'ஆகையால் காய்ச்சாமல் கொடுங்கள்' என்று சொல்லத் துணியவில்லை. காய்ச்சினால் சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், வாஸ்தவம். சுண்ணாம்புச் சத்து எங்கும் ஓடிவிடாது. 72 டிகிரிச் சூட்டில் 15 விநாடி இருந்தாலே இந்தக் கிருமிக்கு முடிவு. பால் பொங்கும்போது கேட்கவே வேண்டாம்.

பெரியப்பா தேறினார். "மாட்டை வித்துடுங்களேன்" என்றாள் பெரியம்மா. "வித்தா இன்னொருத்தன் வீட்டுக்குத்தானே காய்ச்சல் போகும்?" என்று கடைசிவரை லட்சுமியை அவரே வைத்துக்கொண்டார். அதன் பாலைக் காய்ச்சி, கஷாயம் குடிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

மறுநாள் காலை நண்பர் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். "பால் எப்படி, சார்?"

"முதல் தரமான பால்! நன்றாகப் பொங்கியது" என்றேன்.