மெமரி கூட்டியதும் சீக்கிரமே நின்ற புரோகிராம்

ஜாவாவில் எழுதுகிறவன் எதையும் திருப்பிக் கொடுக்கக் கவலைப்பட வேண்டாம், கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லியே பல வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்தத் தெம்பு போனது இடுக்கி மாவட்டத்து அணக்கரையில், ஓர் ஏலக்காய் ஸ்டோரில்.

கணக்கு புரோகிராம் வேறு யாரோ எழுதியது. பச்சைக்காய் எடை, உலர்ந்தபின் எடை, புற்றடி ஏலத்துக்குப் போகும் லாட் எல்லாம் அதில்தான். பறிப்பு மும்முரமானால் மதியத்துக்குள் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும்.

"புது மெமரி போட்டதுக்கப்புறம் இன்னும் சீக்கிரமா நிக்குது தம்பி" என்றார் ஸ்டோர்காரர். கேட்க விநோதமாக இருந்தது.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். தானாக வரும் செட்டிங்கில் அது 100 கனெக்‌ஷன் தரும். அதில் 3 சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கியவை. அந்த மூன்றில் ஒன்றின் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். வரிசையாக எல்லாமே 'ஐடில்'. வேலை முடிந்தும் யாரும் விடவில்லை.

கோடில் க்ளோஸ் இல்லாமல் இல்லை, ஒழுங்காகக் கடைசி வரியில் இருந்தது. அதற்கு நாலு வரி மேலே, எடைச் சீட்டு வரவில்லையென்றால் ரிட்டர்ன். கூட்டமான நாளில்தானே சீட்டு தாமதமாகும்? சீசன் இல்லாதபோது இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது.

மெமரி சமாசாரம்தான் சுவாரசியம். கலெக்டர் பார்ப்பது மெமரியை மட்டும். கனெக்‌ஷனுக்கான ஆப்ஜெக்ட் கையளவு. அது கிடந்தால் இடம் நெருக்காது. கல்யாண வீட்டில் குப்பை அள்ளுகிறவர் வாடகைப் பாத்திரத்தைக் கடையில் சேர்ப்பாரா? பழைய ட்ரைவரில் ஃபைனலைஸ் இருந்தது, அதாவது ஆப்ஜெக்டை அள்ளும்போது கலெக்டர் ஓடவைக்கும் ஃபங்ஷன். மெமரி குறைவாக இருந்தவரை கலெக்டர் அடிக்கடி ஓடி, போகிற போக்கில் சில கனெக்‌ஷனை மூடிவைத்தது. புது மெமரி போட்டு ஹீப்பைப் பெரிதாக்கியதும் அது சாவகாசமாக வர ஆரம்பித்தது. ஜாவாக்காரர்களே 2017-இல் ஃபைனலைஸ் வேண்டாமென்று அறிவித்து, 2022-இல் நீக்கப்போவதாகவும் குறித்துவிட்டார்கள்.

சி++-இல் பிளாக் முடியும் இடத்திலேயே டிஸ்ட்ரக்டர் ஓடிவிடும். ஜாவாவுக்கு அந்த வசதியின் ஒரு துண்டு 2011-இல் வந்தது, ட்ரை-வித்-ரிசோர்சஸ். நடுவில் ரிட்டர்ன் வந்தாலும் எக்ஸெப்ஷன் வந்தாலும் மூடிவிட்டுத்தான் வெளியேறும். அதைப் போட்டதும் நிற்பது நின்றது.

இன்னொன்று மிச்சமிருந்தது. முடிந்துபோன லாட்களெல்லாம் ஒரு ஸ்டாடிக் மேப்பில் உட்கார்ந்திருந்தன. யாரோ பிடித்துக்கொண்டிருக்கும்வரை கலெக்டர் தொடாது; ட்ரையும் உதவாது. எப்போது விடலாம் என்பது கோடைப் பார்த்தால் தெரிகிற விஷயமல்ல. "ஒரு லாட் எப்பண்ணே இனி வேண்டாம்னு ஆகும்?" என்று அவரிடமே கேட்டேன்.

"பணம் கைக்கு வந்து, விவசாயிக்கும் பிரிச்சுக் கொடுத்தா முடிஞ்சுது தம்பி."

மேப்பிலிருந்து நீக்கும் ரிமூவை அந்தப் பட்டுவாடா ஃபங்ஷனில் எழுதினேன்.