பாரி வீட்டு வாசல்

பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாமல் போன ஓர் ஆண்டு, மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு சென்னை சங்கமம் கலைவிழா பார்க்கப் போனேன். பூங்காவின் நடுவில் மேடை, எதிரே வரிசையாக நாற்காலிகள். பறை முடிந்து, பொய்க்கால் குதிரை முடிந்து, கும்மிக் குழு மேடையேறியது. ஒரே நிறச் சேலையில் பன்னிரண்டு பெண்கள். முதல் தட்டு விழுந்தது. "கொஞ்சம் உட்காருங்கம்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்ன பிறகுதான் நான் எழுந்து நிற்பதே எனக்குத் தெரிந்தது.

உட்கார்ந்தேன். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் கும்மியை உட்கார்ந்து பார்த்தது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் கும்மியைப் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. கைப்பிள்ளைக்காரி பிள்ளையைத் திண்ணையில் மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்து நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்து மருமகள் பிள்ளையை வாங்கிக்கொள்ள, மாமியார் வந்து நிற்பார். வட்டத்தில் இடமில்லை என்ற பேச்சே கிடையாது. ஆள் கூடக் கூட வட்டம் அகலும், அவ்வளவுதான்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். ஆடி பிறந்தால் அம்மனுக்குத் திருவிழா சாட்டுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் பொங்கல், புதன்கிழமை முளைப்பாரி கரைப்பு. காப்புக் கட்டிய அன்றே முளை போட்டுவிடுவார்கள். மண்சட்டியில் வைக்கோல், காய்ந்த எருவைப் பொடித்த தூள், கண்மாய்க் கரம்பை என்று அடுக்கி, அதன்மேல் நவதானியம் தூவுவார்கள். எங்கள் பக்கத்தில் தட்டாம்பயறும் பாசிப்பயறும் மொச்சையும்தான் நிறைய விழும். சட்டிகளெல்லாம் பாரி வீட்டுக்குள் போய்விடும். சன்னலைச் சாக்கால் மூடிவிடுவார்கள். விரதம் இருக்கிற ஒரே ஒரு அப்பத்தா மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். வேறு யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது.

வெயில் படாத முளைக்குப் பச்சை ஏறாது. வெளிச்சத்தைத் தேடித் தேடியே அது நெட்டையாக வளரும். எட்டாம் நாள் கதவு திறந்து சட்டிகள் வெளியே வரும்போது ஒவ்வொன்றிலும் முழ உயரத்துக்கு வெளிர்மஞ்சள் நிறத்தில் முளை நிற்கும். ஈர எருவும் பயற்றம் முளையும் கலந்த அந்த வாசனை பிறகு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை. முளை உயரமாக நின்றால் அந்த வருடம் மழை உண்டு, விளைச்சல் உண்டு என்பார்கள். குட்டையாக நின்றுவிட்டால் பெண்கள் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குலவை மட்டும் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும்.

இது புதிய வழக்கமில்லை. கண்ணகியின் கல்யாணத்தில் முளைப்பாலிகை ஏந்திப் பெண்கள் நின்றதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மதுரை மீனாட்சி கோயிலில் இன்றைக்கும் ஆடியில் முளைக்கொட்டு உற்சவம் உண்டு. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது இரவுதான்.

இரவுச் சோறு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் பாரி வீட்டு வாசலுக்கு வருவார்கள். உள்ளே இருட்டில் முளை, வெளியே வட்டம். பாட்டு சத்தம் கேட்டால்தான் முளை எழும்பும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் தூக்கம் வந்தாலும் யாரும் போக மாட்டோம். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஓர் அடி நகர்ந்து மறுபடியும் குனிவது. பாட்டு எடுத்துக்கொடுப்பது ஒருவர், திருப்பிப் பாடுவது மற்ற எல்லோரும். எங்கள் தெருவில் பாட்டெடுப்பவர் எனக்கு அத்தைமுறை. எழுதப் படிக்கத் தெரியாதவர். குயவர் வீட்டில் சட்டி வாங்கியதிலிருந்து ஒவ்வொரு நாளும் முளை எத்தனை விரல் வளர்ந்தது என்பது வரை முளைப்பாரிப் பாட்டு முறையாகப் போகும். அது முடிந்ததும் அத்தை தன் இஷ்டத்துக்குப் போவார். கண்மாய் பெருகாத வருடத்தைப் பாடுவார். அன்று காலையில் எதிர்வீட்டில் கன்று போட்ட பசு அன்றைய இரவே பாட்டில் வந்துவிடும். பெயர் சொல்லிப் பாடினால், பாடப்பட்டவள் வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் ஓங்கித் தட்டுவாள்.

அதே நேரம் கோயில் முச்சந்தியில் ஆண்கள் ஒயில் ஆடுவார்கள். தலைப்பாகை, காலில் சலங்கை, கையில் துணி. வாத்தியார் ஜால்ராவோடு நடுவில் நின்று பாட்டைச் சொல்ல, இரண்டு வரிசையும் துணியை வீசித் திரும்பும். ராமாயணத்தில் ஏதாவது ஒரு கட்டம், இல்லாவிட்டால் வள்ளி திருமணம். ஒரு மாதத்துக்கு முன்பே ஒத்திகை ஆரம்பித்திருக்கும். அவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போது எங்கள் தட்டு அவர்களுக்குக் கேட்கும். நாங்கள் நிற்கும்போது அவர்கள் சலங்கை எங்களுக்குக் கேட்கும்.

ஒன்றைச் சொல்லாமல் இந்த ஏக்கத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் திருவிழாவுக்குத் தப்பு, அதாவது பறை, அடித்தவர்கள் புளியமரத்தடியிலேயே நின்றார்கள். அந்த ஒலியில்லாமல் சாமி இறங்காது. ஆனால் அடித்தவர்களுக்குக் கோயில் திண்ணையில் உட்கார இடமில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களும் பாரி போட்டார்கள். தனியாக, வேறொரு நாளில். கரைத்த துறையும் வேறு. அந்த இரவுகளுக்காக ஏங்கும்போது இதற்கும் சேர்த்து ஏங்க என்னால் முடியாது. சென்னை மேடையில் பறை முதலில் ஏறியதும், நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டியதும் எனக்கு நிறைவாக இருந்தது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் அப்படித்தான் இருந்தது. கனிமொழியும் ஜெகத் கஸ்பரும் முன்னின்று 2007-இல் சங்கமத்தைத் தொடங்கியபோது நாட்டுப்புறக் கலைகள் நகரத்துப் பூங்காக்களுக்கு வந்தன. 2011-க்குப் பிறகு நின்றுபோய், 2023-இல் 'நம்ம ஊரு திருவிழா' என்று அரசே மறுபடி எடுத்து நடத்தத் தொடங்கியது. கலைஞர்களுக்கு அதில் கூலியும் மரியாதையும் உண்டு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை என் ஊரோடுதான்.

ஒன்பதாம் வகுப்போடு நான் விடுதிக்குப் போனேன். பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், சென்னை. ஆடியில் விடுப்புக் கிடைக்காது. பல வருடம் கழித்துப் போன ஒரு தடவை, பாரி வீட்டு வாசலில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருந்தார்கள். முளைப்பாரிப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நன்றாகப் பாடிப் பதிவு செய்த பாட்டு, பின்னணியில் கீபோர்டு. வட்டம் இருந்தது, தட்டு இருந்தது. திருப்பிப் பாடும் குரல் மட்டும் இல்லை. பெட்டியே இரண்டையும் பாடியது.

சினிமாப் பாட்டு வந்து கும்மியைக் கெடுத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை ஒப்ப மாட்டேன். சினிமா மெட்டில் அத்தையே அம்மன் பாட்டுக் கட்டியிருக்கிறார். கெடுத்தது பதிவுப் பாட்டின் வேகம். பாட்டெடுக்கிறவர் பாடிக்கொண்டே வட்டத்தைப் பார்ப்பார். எழுபது வயது அப்பத்தா குனிந்து நிமிர நேரமானால் பாட்டை இழுத்துப் பிடிப்பார். குமரிப் பெண்கள் துள்ளினால் கொஞ்சம் ஓடவிடுவார். யாருக்காவது மூச்சு முட்டினால் அந்த அடியையே மறுபடி எடுப்பார். ஆளைப் பார்த்துப் பாட்டு போகும். பெட்டிக்குக் கண் கிடையாது. அது ஒரே வேகத்தில் போகும், கூட ஓட முடியாதவர்கள் விலகிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் விலகியது கிழவிகள். பாட்டு முழுக்க அவர்களிடம்தான் இருந்தது.

அன்றிரவு அத்தையைத் தேடினேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "ஏந்த்தா நீங்க வரல?" என்றேன். "அது நிக்காம போகுதுடி. எனக்கு முட்டி வலிக்கிது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு பாட்டையாவது சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கலாம். மறுநாள் காலையில் எனக்குப் பேருந்து.

எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958-இல் வெளிவந்த 'மலையருவி' இருக்கிறது. நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' இருக்கிறது. நெல்லை வட்டாரத்தில் நண்பர்களையும் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரட்டிய உழைப்பு அது. நூலகத்தில் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்குத் தெரிந்த அடிகள் எதிரில் வந்து நிற்கும். வாய் முணுமுணுக்கும், ஆனால் தட்டு எங்கே விழ வேண்டும் என்று கை தடுமாறும். அச்சில் சொல் இருக்கிறது, குனிவதும் நிமிர்வதும் இல்லை.

குரலாகக் கிடைத்தவர்களும் உண்டு. கொல்லங்குடி கருப்பாயி எங்கள் மாவட்டத்துக்காரர். வானொலியில் பாடி, 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்துத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர். வானொலியில் அவர் குரல் வந்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவார். "நம்ம ஆளு பாடுதுடி" என்பார். கருப்பாயி 2025-இல் காலமான செய்தியைப் படித்த அன்று அம்மாவுக்குத் தொலைபேசினேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம தெருவுல இருக்கிறவளும் அப்படித்தான் பாடுவா. அவளை யாரு கேட்டா" என்றார்.

கொங்கு நாட்டைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மி ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியது. அதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த பத்திரப்பன் வாத்தியாருக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் நூற்றுக்கணக்கில் ஒரே களத்தில் இறங்குகிறார்கள். அங்கே வாத்தியார் இருந்தார், அவரிடம் போய் நின்றவர்களும் இருந்தார்கள். எங்களிடம் அத்தை இருந்தார். போய் நிற்க வேண்டிய நாங்கள்தான் ஆளுக்கொரு பேருந்தைப் பிடித்துப் போய்விட்டோம்.

பூங்காவில் கும்மி பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த குழு தயாராக நின்றதால் பாட்டை முழுதாகக்கூடப் பாடவில்லை. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். எந்த ஊரென்றாலும் பாரி போடுகிற ஊர்தான். என் கையைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கேட்டார்: "நீங்க தட்டுவீங்களாக்கா?" தட்டுவேன் என்றேன். "வாங்க" என்றார். கம்பங்களுக்கும் வயர்களுக்கும் நடுவில் ஐந்தாறு பேர் வட்டமாக நின்றோம். அவர் மெல்ல எடுத்துக்கொடுத்தார். இரண்டாவது சுற்றில் எனக்கு அடி தப்பியது. அவர் என்னைப் பார்த்தார், பாட்டை நிறுத்தவில்லை, அந்த அடியையே மறுபடி எடுத்தார். மகள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அத்தைக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது. பல் இல்லை, பாட்டு இருக்கிறது. வரும் ஆடிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் ஊரிலும் பாட்டெடுத்த அத்தையோ அப்பத்தாவோ இன்னும் இருந்தால், திருவிழா நடத்துபவர்களிடம் பேசி ஒரே ஒரு இரவு அந்தப் பெட்டியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். திண்ணைக்குப் போய் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து வட்டத்தில் நிறுத்துங்கள். அவர் மெதுவாகத்தான் பாடுவார். நீங்களும் மெதுவாகத் தட்டுங்கள்.