எம்புட்டுத் தூரம்யா?

சான் பிரான்சிஸ்கோவுக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்னு தேடினா 13,900 கி.மீ. சொச்சம்னு வரும். மணிக்கு 900 கி.மீ. போட்டு வகுத்தா பதினஞ்சரை மணி நேரம். இன்ஜினியரிங் படிச்ச புத்தி, அந்த வகுத்தலை நானும் நம்பிட்டுத்தான் இருந்தேன்.

எங்க அப்பத்தாவுக்கு கிலோமீட்டர் எல்லாம் கிடையாது. மேலூர் சந்தைன்னா "ரெண்டு தடவ வெத்தலை போடுற தூரம்". ஒவ்வொரு தடவை போன்லயும் "நீ இருக்குற ஊரு எம்புட்டுத் தூரம்யா?"ன்னு கேக்கும். "ஒரு கவுளி வெத்தலை காலியாகும் அப்பத்தா"ன்னு சொல்வேன். சிரிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தப்பா கூப்பிட்டார். "கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போயா." கிடைச்சது துபாய் வழி, சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணி விமானம். இந்தியாவில் அப்போ ஞாயிறு விடிகாலை நாலரை. துபாய்க்கு 13,000 கி.மீ., பதினஞ்சரை மணி நேரம். அங்கே நாலு மணி நேரம் தேவுடு காத்து, இன்னும் 2,900 கி.மீ. தாண்டினா சென்னை. அப்புறம் ரோட்டுல மேலூருக்கு 430 சொச்சம். வீட்டுக் கதவைப் பூட்டினதுல இருந்து ஊர் வாசல் வரைக்கும் முப்பத்தஞ்சு மணி நேரம். பறக்குற நேரத்தை மட்டும் வெச்சுக் கணக்குப் போடுறது சுத்தப் பித்தலாட்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

துபாயில் இறங்கி போனை ஆன் பண்ணினப்போ சேதி இருந்தது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு. சாயந்திரமே எடுத்துட்டாங்க. "இனி அவசரமில்ல, மெதுவா வாய்யா"ன்னு எழுதியிருந்தார் சித்தப்பா.

ஊர்ல இருந்த நாட்கள்ல, சித்தப்பா பையனோட பூகோள உருண்டையில நூல் பிடிச்சுப் பாத்தேன். சும்மா இருக்க முடியல. தட்டை வரைபடத்துல ஸ்கேல் வெச்சா சென்னைக்குப் பசிபிக் கடல் மேல போகும். உருண்டையில நூல் ஆங்கரேஜ் பக்கமா ஏறி, சைபீரியா வழியா இறங்குது. துபாய் நூல் இன்னும் விசேஷம். சான் பிரான்சிஸ்கோ 122 டிகிரி மேற்கு, துபாய் 55 டிகிரி கிழக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட நேர் எதிர். அதனால நூல் ஏறக்குறைய வட துருவத்தையே தொட்டுட்டுப் போகுது.

காலை பதினோரு மணின்னா, கிளம்பி ஆறரை மணி நேரம். விரலை வெச்சுப் பாத்தேன். துருவத்துக்குப் பக்கத்துல எங்கேயோ இருந்திருக்கேன். வெளியே வெள்ளையா இருந்தது ஞாபகம் இருக்கு. எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க, நான் ஏதோ படம் பாத்துட்டு இருந்தேன். என்ன படம்னு இன்னமும் ஞாபகம் வரல.

அப்பத்தாவோட வெத்தலைப் பொட்டியை சித்தி திண்ணையிலேயே வெச்சிருந்தாங்க. உள்ளே நாலஞ்சு வெத்தலை, ஈரத்துணியில சுத்தினபடி, வாடாம இருந்தது.