குலசேகரம்: ஐந்து மணிக்குத் திறக்கும் கதவுகள்

திற்பரப்பு அருவிக்குக் கிளம்புகிறவர்களுக்குக் குலசேகரம் வண்டி மாறும் ஊர். எண்ணெய்க் குப்பியும் துண்டுமாக இறங்குவார்கள், ஒரு சாயா குடிப்பார்கள், அடுத்த பேருந்தைப் பிடிப்பார்கள். சிலர் பேச்சிப்பாறை அணைக்குப் போவார்கள். இன்னும் சிலர் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்துவிட்டு, இருட்டும் முன் நாகர்கோவில் திரும்பிவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்கு இந்த ஊரில் என்ன நடக்கிறது என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது குலசேகரம். இங்கே வீடுகள் விழிப்பது விடியலுக்கு முன்னால். வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகுவது குறைந்துவிடும். அதனால் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரங்களுக்கிடையே நடக்கிறார்கள். பட்டையைச் சீவி, சிரட்டையை வைத்து, பிறகு திரும்பி வந்து பாலெடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்து முடிக்கும்போது பகல் பாதி போயிருக்கும். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் இருக்கும் வீடுகளில், காலையில் தம்பிக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அழைத்துப் போவது அக்காவின் வேலை. மாலையில் பெரியவர்கள் அசந்து கிடக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் போக ஓர் இடம் வேண்டும்.

கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு டியூஷன் உண்டு, பாட்டு வகுப்பு உண்டு, கராத்தே உண்டு. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை சார்ந்த ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெயரளவுக் கட்டணத்தில் பாட்டும் நடனமும் ஓவியமும் கற்றுத் தருகிறது. ஆனால் இப்படிப்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில்தான் நடக்கும். மலையடிவாரத்துப் பிள்ளைக்குக் கட்டணத்தைவிடப் பேருந்துக் காசும், இருட்டிய பிறகு வீடு திரும்பும் வழியும்தான் பெரிய தடை.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் கடலோரத்தை மட்டும் அழிக்கவில்லை. உள்நாட்டில் ரப்பரையும் வாழையையும் வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு ரப்பர் கன்று பால்வெட்டுக்கு வர ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். ஒக்கிக்குப் பிறகு நட்ட கன்றுகள் பால் கொடுக்கத் தொடங்குவதற்குள் அன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதிவிடும். வருமானம் குறைந்த வீடு முதலில் நிறுத்துவது மளிகையை அல்ல, இந்த மாதிரி வகுப்புகளைத்தான். இலவசமாக ஒரு கதவு திறந்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

யாருடைய ஊர்?

2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் இந்துக்கள் சுமார் 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் சுமார் 47, முஸ்லிம்கள் 4. மேற்குப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும். சின்னவர்களைப் பெரியவர்கள் ‘மக்களே’ என்று கூப்பிடுவார்கள். பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு விஷயம் பிடித்துப்போனால் ‘கொள்ளாம்’ என்பார்கள். ஓணத்துக்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை. மகா சிவராத்திரியில் பன்னிரண்டு சிவாலயங்களையும் தொட்டு ஓடும் சிவாலய ஓட்டக்காரர்கள் திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தின் வழியாகத்தான் ஓடுகிறார்கள்.

இந்த ஒற்றுமை தானாக வந்ததில்லை. திருவிதாங்கூரோடு இருந்த இந்தப் பகுதி, மொழிப் போராட்டத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்களைக் கொடுத்து 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. 1982-ல் மண்டைக்காட்டில் வெடித்த மதக் கலவரம் மாவட்டத்தையே உலுக்கியது. அதைப் பார்த்த தலைமுறை இன்றைக்குத் தாத்தா பாட்டியாக இருக்கிறது. கோயில் பிள்ளையும் சர்ச் பிள்ளையும் பள்ளிவாசல் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும் ஓர் இடம் அவர்களுக்குப் பொழுதுபோக்கைவிடப் பெரிய காரியம்.

கதவுகள்

பழைய கதவு நூலகம். 1945-ல் பி.என்.பணிக்கர் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கியபோது, குலசேகரமும் திருவிதாங்கூர் மண்தான். ஊருக்கு ஒரு வாசகசாலை என்ற எண்ணம் அந்தக் காற்றில் இருந்தது. சென்னை மாகாணமோ 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அந்தச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. எனவே நூலகத்தில் ஒரு பிள்ளை காசில்லாமல் உட்கார்ந்து படிக்கிறது என்றால், அதற்கான காசை ஊர் ஏற்கெனவே கட்டிவிட்டது. பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாராளமாகப் போகலாம்.

அடுத்தது திண்ணை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தொடங்கியபோது 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் பாட்டு, கதை, விளையாட்டு, கணக்கு. சொல்லிக் கொடுத்தவர்கள் அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான திண்ணைகள் வகுப்பறைகளாயின. பாடம் ஒருபுறம் இருக்க, நேற்று வந்த பிள்ளை இன்று ஏன் வரவில்லை என்று விசாரிக்க அடுத்த வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள்.

பள்ளிக்குள்ளும் ஒரு கதவு உண்டு. 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி அளவில் ஆரம்பித்து மாநிலம் வரை போகிறது. வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம்.

இவற்றுக்கெல்லாம் முந்தியவை ஊரின் கலைகள். நடுவில் குத்துவிளக்கு, சுற்றிலும் கையில் கோலோடு ஆட்டக்காரர்கள், ஆசானின் பாட்டுக்கு ஏற்ப வேகம் கூடும் களியல் குமரி மாவட்டத்துக்கே உரியது. இந்துக்களும் ஆடுகிறார்கள், கிறிஸ்தவர்களும் ஆடுகிறார்கள். பாட்டின் கதை மாறும், காலின் தாளம் மாறாது. அடிமுறையும் சிலம்பமும் அப்படித்தான். வெற்றிலை பாக்கோடு ஒரு நாணயத்தை வைத்துச் சீடனை ஏற்றுக்கொள்வது பழைய ஆசான்களின் வழக்கம். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இளைஞர் மன்றங்கள் நடத்தும் வடம் இழுத்தலிலும் உறியடியிலும், கயிற்றின் ஒரே பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே ஊரின் நிலை புரிந்துவிடும்.

கதவு எட்டாத இடம்

குலசேகரத்திலிருந்து மேலே போனால் பேச்சிப்பாறை. 1906-ல் கட்டி முடித்த அணை. அதன் நீர்ப்பரப்புக்கு அப்பால், காட்டுக்குள் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. சிலவற்றுக்குப் படகுதான் வழி. மழை வலுத்தால் அதுவும் இல்லை. கொக்கரை என்ற இரும்புக் குழலை உரசி அவர்கள் பாடும் சாற்றுப்பாட்டு, கேட்டுக் கேட்டே படிய வேண்டிய கலை. பள்ளிக்காகக் காட்டைவிட்டு இறங்கி விடுதியில் தங்கும் பிள்ளைக்கு அதைக் கேட்க வாய்ப்பு குறைவு. கீழே நடக்கும் களியலுக்கோ மாலைக் கதை நேரத்துக்கோ வரலாம் என்றால், கடைசிப் படகு காத்திருக்காது. இரண்டு பக்கத்து வாசலும் தள்ளியே நிற்கின்றன.

ஊருக்குள்ளும் சிக்கல் இருக்கிறது. பதினான்கு வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் மாலையில் வெளியே போவது குறைகிறது. ஆண்பிள்ளைகள் கைப்பேசிக்குள் போய்விடுகிறார்கள். மனசு கனத்துப் போகிற நேரத்தில் பேச ஆள் வேண்டும் என்றால், 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல ஆலோசனை இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அந்த எண்ணைப் பிள்ளையிடம் சொல்ல, முதலில் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். நூலகரோ, திண்ணை அக்காவோ, ஆசானோதான் பெரும்பாலும் அந்த ஆள்.

அடுத்த முறை அருவிக்குப் போகிறவர்கள் திரும்பும்போது குலசேகரத்தில் ஒரு மணி நேரம் தங்கலாம். வீட்டில் படித்து முடித்த சிறுவர் புத்தகங்கள் இருந்தால் கொண்டுவந்து நூலகத்தில் கொடுக்கலாம். ஐந்து மணிக்குப் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் வருவார்கள். வாசலில் செருப்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். திரும்பும்போது யாராவது ஒருவர் அடுத்தவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போவார். மறுநாள் மாலை அதைக் கொடுப்பதற்காகவாவது திரும்பி வருவார்.