குருத்தில் இருப்பது படைப்புழுதான், அப்பா

ஒரகடம்,
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் மக்காச்சோளக் குருத்தில் இருந்த புழுவைத் தம்பி எடுத்து அனுப்பின போட்டோக்களை ஷிப்ட் முடிந்து வந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் நினைக்கிற மாதிரி அது புரோடீனியா புழு இல்லை அப்பா, அமெரிக்கப் படைப்புழு.

நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். முகத்தைப் பாருங்கள். ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகப் போட்டது போல வெள்ளைக் கோடு தெரியும். அப்புறம் வால் பக்கம், நுனிக்குச் சற்று முன்னால், நாலு கரும்புள்ளி சதுரமாக இருக்கும். தம்பியின் மூன்றாவது படத்தில் இரண்டுமே தெளிவாகத் தெரிகின்றன. பொடிப்புழுவில் இவ்வளவு தெரியாது, அதனால் வளர்ந்த புழுவையே எடுத்துப் பாருங்கள்.

விளக்கில் விழுந்த அந்துப்பூச்சியை வைத்துச் சொல்வது கஷ்டம். படைப்புழு அந்துப்பூச்சியில் ஆணுக்கு முன்னிறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு உண்டு. பெண்ணுக்கு அதுவும் இல்லை, வெறும் சாம்பல் பழுப்பு. இங்கே கம்பெனி கேட் விளக்கடியில் அப்படிப் பூச்சிகள் தினமும் குவிந்து கிடக்கின்றன.

இது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவில் இறங்கியது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த வருஷமே நம் பெரம்பலூர் வரை வந்துவிட்டது. அப்போது கொல்லையோரம் நீங்கள் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் பறக்கும் பூச்சி இது. நாம் மட்டும் மருந்தடித்துப் பிரயோஜனமில்லை, பக்கத்துக் கொல்லை மாமாவிடமும் பேசுங்கள்.

இலையில் மயிர் மூடின முட்டைக் குவியல் தெரிந்தால் அங்கேயே நசுக்குங்கள். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போல எச்சம் கிடக்கும், உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புழுதான் இருக்கும். ஒன்றையொன்று தின்றுவிடுவதால் அப்படி. ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள், அதிகம் தின்பதே புழுவின் கடைசிப் பருவத்தில்தான். புழு சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலத்தில், குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று கடையில் கேட்க வேண்டாம். ஒரு புழுவை டப்பாவில் போட்டு வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள்.

மூக்கை மூடாமல் மருந்தடிக்கப் போகக் கூடாது, அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுவேன்.

உங்கள் அன்பு மகள்